பூசணிக்காய் உடைத்த பிறகு ஒரு ஷாட்

எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்னைப் பார்க்க வந்தால், கொடுத்த காபியை வாயில் வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். “சார், ‘தொலைகலம்’ சீரியல் கடைசி ஷாட்டை எப்படி யோசிச்சீங்க?” இணையத்தில் ஒருவர் அந்த ஒரு ஷாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறார். வட்டம், வெறுமை, மறுபிறப்பு என்று என்னென்னவோ சொல்கிறார். முழுவதும் பொறுமையாகக் கேட்டேன். நாங்கள் இவ்வளவு பெரிய அறிவாளிகளா என்று எனக்கே மலைப்பாகிவிட்டது.

உண்மையில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. படவேட்டிலிருந்து ஆரணிக்குத் திரும்பி வரும் காரில், வேறு வழி இல்லாமல் பிறந்த ஷாட் அது. அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் கைவிட்டுப் போனது போலத் தெரியும்போது என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்லலாம். அதுவும் நான் செய்ததில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தது.

செய்தவர் எங்கள் டைரக்டர். என்னைவிட இருபது வயதாவது சின்னப் பெண். ஆனாலும் இந்தத் தொழிலை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், ஓய்வு பெற்றுவிட்ட இந்த வயதில் அவரைத்தான் கையைக் காட்டுவேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் டைரக்டர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

விண்கலத்தை வைத்துத் தமிழில் ஒரு வாராந்தரத் தொடர் என்றதும் சிரிக்காதவர்கள் குறைவு. சென்னையில் ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன வாடகைக்கு எங்கள் கலம் தரையை விட்டே கிளம்பியிருக்காது. டைரக்டருக்குச் சொந்த ஊர் ஆரணி. அவருடைய சித்தப்பாவுக்கு அங்கே ஓர் அரிசி ஆலை, ஓடாமல் கிடந்தது. உள்ளே பிளைவுட் அடித்து, சாம்பல் நிறப் பெயின்ட் பூசி, அதையே கலமாக்கிவிட்டார். நான் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்து, கம்ப்யூட்டரை வைத்து, எடுக்க எடுக்கத் தொகுத்துக்கொண்டிருந்தேன். விண்வெளி வீரர்களின் உடையை முதன்முதலில் பார்த்த பட்டுக் கடைக்காரர் ஒருவர், “ஊரே பட்டு நெய்துகினு இருக்குது, இவங்க எங்கேர்ந்தோ சாக்குத் துணிய தெச்சிப் போட்டுகினு வந்துருக்காங்களே” என்று என்னிடமே வருத்தப்பட்டார்.

ஆலையின் பின்தெரு முழுக்க விசைத்தறிகள். காலையில் ஆரம்பித்தால் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தறிக்காரர்களிடம் பேசிக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாம் என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். “அவங்க பொழப்ப நிறுத்திட்டு நாம பொழப்பு நடத்தறதா? வாணாம்ணா” என்றார் டைரக்டர். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளைக் குறிவைத்தார். அன்றைக்கு ஆரணியில் ஒரு தறியும் ஓடாது. ஜெனரேட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, குரல் தாழ்த்திப் பேசும் காட்சிகளை எல்லாம் அன்றைக்கே எடுத்துவிடுவார். மற்ற நாட்களில் இயந்திர அறை, அபாயச் சங்கு, ஓட்டம், கூச்சல். விண்வெளியின் அமைதியை அபாரமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று எங்களைப் பாராட்டியவர்கள் மின்வாரியத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இப்படி, இல்லாத ஒன்றைக் கேட்டு அவர் அடம்பிடித்து நான் பார்த்ததே இல்லை.

இனி எங்கள் கதாநாயகி. கதைப்படி, பூமியில் வாழ முடியாமல் போய், உறங்க வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களை ஏற்றிக்கொண்டு வேறோர் உலகம் தேடிப் போகிறது கலம். அதில் விழித்திருந்து ஓட்டுகிறவள் கேப்டன். செட்டிலும் அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். வெம்பாக்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். எங்களிடம் வருவதற்கு முன் எத்தனையோ தொடர்களில் நடித்திருந்தார். ஆனால் ஒன்றுகூட முடிந்ததில்லை.

சின்னத்திரையில் முடிவது வேறு, நிறுத்துவது வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேட்டிங் விழுந்தால் ஒரு போன் வரும், இந்த வெள்ளிக்கிழமையோடு சரி. ஒரு தொடரில் அவர் மணவறையில் தாலிக்குக் கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தபோது நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றில் யாரோ அவரைக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள், அதற்குள் தொடர் போய்விட்டது. “எங்க ஊர்ல இன்னும் கேக்கறாங்க சார், கெணத்துலேர்ந்து எப்பம்மா ஏறுவேன்னு” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. ‘தொலைகலம்’ ரேட்டிங் கொஞ்சம் ஆடிய மாதங்களில் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

எப்படியோ தப்பித்தோம். இறுதிப் பகுதி எழுதும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது. கலம் ஒருவழியாகப் புது உலகத்தில் இறங்குகிறது. ஆனால் அந்த உலகத்தைக் காட்டும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை. டைரக்டர் கவலையே படவில்லை. கலத்தின் கதவு மெல்லத் திறக்க வேண்டும், வெளியிலிருந்து வெளிச்சம் வந்து கேப்டனின் முகத்தில் விழ வேண்டும், அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தொடர். அந்த உலகம் எப்படி இருக்கிறது என்று அவர் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அப்படியென்றால் அந்த முகம் இல்லாவிட்டால் எங்களுக்கு முடிவே கிடையாது.

கடைசி நாள் படப்பிடிப்பில் காலையிலேயே அந்த ஷாட்டை எடுத்தார்கள். பிளைவுட் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடி எடுத்தால் மறுபடி சிக்கியது. ஒரு டேக்கில் கதவைத் தள்ளும் கார்பென்டரின் கையே தெரிந்தது. கதவைச் சரி செய்யுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

சாப்பாடு முடிந்த கையோடு மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். “மேடம், இன்னும் ஒரே ஒரு ஷாட்டுதான. ராகு காலத்துக்கு முன்னாடியே பூசணிக்காய உடைச்சிட்டு அப்பறமா அத எடுத்துக்கலாம்” என்றார். டைரக்டரும் சரி என்று தலையாட்டினார்.

இதுவரை படப்பிடிப்பில் இருந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் கடைசி நாளன்று பூசணிக்காயைச் சுற்றித் திருஷ்டி கழித்து உடைத்துவிட்டால், படம் முடிந்தது என்று அர்த்தம். டைரக்டர் பேக்கப் சொல்லியும் போகாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பூசணிக்காய் உடைந்த பிறகு நின்ற ஆளைப் பார்த்ததில்லை. அன்றும் அதுதான் நடந்தது. காய் உடைந்ததும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், மாலை போட்டார்கள், ஊர்க்காரர்கள் வந்து செல்ஃபி எடுத்தார்கள். கேமரா உதவியாளர் லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். கதவைச் சரி செய்துகொண்டிருந்த கார்பென்டர் பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டதும், அதே கதவை அதே சுத்தியால் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். மாலையும் கழுத்துமாக நின்றிருந்த டைரக்டர் உட்பட ஒருவருக்கும் அந்த ஒரு ஷாட் ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை வருட உழைப்பு முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் யாருக்குத்தான் வரும்?

மறுநாள் காலை மெமரி கார்டுகள் லாட்ஜுக்கு வந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு எப்படியும் எடுத்திருப்பார்கள் என்று நல்ல டேக்கைத் தேடுகிறேன், தேடுகிறேன், இல்லை. டைரக்டருக்குப் போன் செய்தேன்.

“மத்தியானம் எடுத்த டேக் எந்தக் கார்டுலம்மா இருக்கு?”

“ஐயோ அண்ணா” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. அதற்கு முன்பே சேனலுக்குப் பகுதி போய்ச் சேர வேண்டும்.

பத்து நிமிடத்தில் அவர் லாட்ஜுக்கு வந்துவிட்டார். கேப்டனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. மேக்கப் அக்காவைக் கூப்பிட்டோம். அக்கா கொஞ்சம் தயங்கினார்.

“அது விடியக்காலையே படவேடு போச்சுங்க மேடம். ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல். யாருக்கும் சொல்ல வேணாம்னுச்சு.”

“இன்னா வேண்டுதலு?”

“இந்த சீரியலாவது நடுவுல நிக்காம ஒழுங்கா முடிஞ்சா மொட்ட போடறன்னு வேண்டிகினு இருந்துச்சு. அதான் முடிஞ்சிடுச்சே, நேத்துதான பூசணிக்கா உடைச்சீங்க.”

நானும் டைரக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிடம் காரில் இருந்தோம். சந்தவாசல் தாண்டி வாழைத்தோப்புகள் வரத் தொடங்கியதும் செல்போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். நாவிதருக்கு முன்னால் நீண்ட வரிசை இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

வரிசை எல்லாம் ஒன்றும் இல்லை. குழாயடியில் குளித்துவிட்டு, மொட்டைத் தலை நிறையச் சந்தனத்தோடு, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு கேப்டன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“இன்னா மேடம், நீங்ககூட வந்துட்டீங்க? எடிட்டர் சார் வேற வந்துருக்காரு! வாங்க வாங்க, பொங்கல் வாங்கிகினு வரேன்.”

டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே.

“கடைசி ஷாட் இல்லம்மா” என்றேன்.

“எந்த ஷாட்டு?”

“கதவு தொறக்கறது. காலைல எடுத்தது எதுவும் ஆவாது. ரீடேக் போறதுக்குள்ள பூசணிக்காய உடைச்சிட்டாங்க.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

“அப்ப இதுலயும் நான் கெணத்துலதான் இருக்கறனா சார்?” என்று கேட்டார். அவ்வளவு நீளமான முடியை ஒரு முடிவுக்காகக் கொடுத்தவரிடம், நீ கொடுத்த முடியால்தான் முடிவு போயிற்று என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போது அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் முன்சீட்டில் இருந்து யோசனைகளாக அள்ளி வீசினேன். விக் வைக்கலாம், சென்னையிலிருந்து வரவழைக்கலாம். வேறு பெண்ணை முதுகு காட்டி நிற்க வைக்கலாம். எதுவும் வேண்டாம், முதல் வருடத்தில் கேப்டன் ஜன்னல் வழியாக நட்சத்திரத்தைப் பார்க்கும் ஒரு குளோசப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்து ஒட்டிவிடுகிறேன், ஒரு பயலுக்கும் தெரியாது. தொழிலில் இதை நான் பல தடவை செய்திருக்கிறேன், நீங்களும் செய்வீர்கள்.

“தெரியாதுதான்” என்றார் டைரக்டர். “ஆனா அந்த மூஞ்சி இன்னும் எங்கயும் போயே சேரலண்ணா. கெளம்பற மூஞ்சி அது. கொஞ்ச நேரம் சும்மா வாங்க.”

சும்மா வந்தேன். வண்டி ஒரு மாட்டு மந்தைக்காக நின்றது. டைரக்டர் பக்கத்தில் திரும்பி, “துண்ட எடும்மா” என்றார். கேப்டன் எடுத்தார். டைரக்டர் அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணா, எதிர்ல ஒருத்தங்க மொட்ட அடிச்சிகினு வந்தா நீங்க இன்னா நெனப்பீங்க?”

“ஏதோ வேண்டுதல் பலிச்சிருக்குன்னு நெனப்பேன்.”

“வேற?”

“படுத்த படுக்கையா கெடந்து பொழச்சி எழுந்தவங்களா இருக்கும்.”

“வேற?”

“கொழந்தைன்னா முதல் மொட்டை.”

“இதுல எதுண்ணா நம்ம கேப்டனுக்குப் பொருந்தாது?”

அந்தக் கதாபாத்திரம் அத்தனை மக்களையும் கரை சேர்ப்பேன் என்று சொல்லிப் புறப்பட்டவள். வழியில் பாதிப் பேரைப் பறிகொடுத்தவள். சாகக் கிடந்து பிழைத்தவள். புது உலகத்தில் அது அவளுடைய முதல் நாள். எழுத்தாளர்கள் கூடி எழுதியிருந்தாலும் இதற்கு மேல் பொருத்தமாக எழுதியிருக்க முடியாது. ஆனாலும் நான் எடிட்டர் அல்லவா, ஆயுள் முழுக்கக் கன்டினியூட்டியைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன்.

“முந்தின ஷாட்ல இடுப்பு வரைக்கும் முடி இருக்கு. அடுத்த ஷாட்ல மொட்ட. ஆடியன்ஸ் என்னைத்தான் திட்டுவான்” என்றேன்.

“நடுவுல எத்தினி நாள் போச்சுன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அத அவங்கள நம்ப வெக்கறது உங்க வேல” என்று முடித்துவிட்டார்.

கேப்டன் தலையைத் தடவிக்கொண்டே, “அசிங்கமா இருக்காதுங்களா மேடம்? வருஷக்கணக்கா பாத்தவங்க, கடைசியில இப்பிடியான்னு...” என்று இழுத்தார்.

“நீ அங்க போயி சேந்துட்டியா இல்லியா? நான் அத மட்டுந்தான் பாக்கறேன். மீதி எல்லாம் எனக்கு வாணாம்” என்றார் டைரக்டர். பிறகு ஆரணி வரும்வரை கேப்டனின் கையை அவர் விடவில்லை.

ஆலைக்கு வந்து பார்த்தால் கலம் இல்லை. பிளைவுட் எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறிவிட்டது, கதவு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் நெல் மூட்டை இறக்கப் போகிறார்கள் என்று தரையைக் கூட்டிவிட்டிருந்தார்கள். டைரக்டர் ஆலைக்குள் போய் ஒரு சுற்று வந்தார். வாசலில் மேற்குப் பார்த்த பெரிய இரும்பு ஷட்டர். அதை இறக்கச் சொன்னார். உள்ளே கும்மிருட்டு. “இதான் கதவு. வெயில் சாயட்டும்” என்றார். வேலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்த கேமரா வண்டியைத் திருப்பி வரச் சொன்னோம்.

வண்டி வந்தது, இன்னொரு வில்லங்கமும் கூட வந்தது. லைட்மேன்களின் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

“கோச்சிக்காதீங்க மேடம். உடைச்ச பிற்பாடு கேமரா ஓட்டக் கூடாது. யூனிட்டுக்கே ஆவாது. புள்ளகுட்டிக்காரங்க நாங்க.”

மேனேஜர், “பேஜாராப் போச்சே” என்று தலையைச் சொறிந்தார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். மூடநம்பிக்கை, விஞ்ஞானத் தொடர் எடுத்துக்கொண்டு இது வேறா என்று நாலு வார்த்தை பேசியிருப்பேன், வெயில் போயிருக்கும். டைரக்டர் அவரை மரியாதையாகப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதாண்ணா. நேத்து உடைச்சது ஊர்க் கண்ணுக்கு. இந்த ஷாட்டுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி உடைச்சிடலாம். ஷாட்டு ஓகே ஆனப்பறம் நீங்களே உங்க கையால உடைங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையைப் பிரித்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்து, “அப்ப நின்னுகினே இருக்கீங்களே, ஜல்தியா மார்க்கெட்டுக்குப் போய் நல்ல காயா வாங்கினு வாங்க” என்றார். அவ்வளவுதான் பிரச்சினை. ஒருவருடைய நம்பிக்கையோடு மல்லுக்கட்டாமல் அதற்கு ஓர் இடம் கொடுத்து வேலையை நகர்த்துவதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

நாலு மணிக்கு மேல் வெயில் நேராக ஷட்டரில் அடித்தது. கேப்டன் சாம்பல் நிற உடையில் வந்து இருட்டில் நின்றார். சந்தனத்தைக் கழுவியும் ஒரு காதோரம் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. துடைக்கப் போன மேக்கப் அக்காவை டைரக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். (புதிய சூரியனின் துகள் என்று இணையத்தில் சொல்வது அதைத்தான்.) ஒத்திகை இல்லை. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே இருட்டு போய்விடும், முகத்தின் முதல் திகைப்பும் போய்விடும். “அங்க இன்னா இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீயே பாத்துக்கோ” என்று மட்டும் டைரக்டர் சொன்னார். ஸ்கிரிப்டில் ‘கேப்டன் புன்னகைக்கிறாள்’ என்று இருந்தது.

இரண்டு பேர் ஷட்டரைத் தூக்கினார்கள். வெயில் முதலில் காலில் விழுந்து, மெல்ல ஏறி, முகத்துக்கு வந்தது. எந்தக் காலத்து உமியோ, ஆலை முழுக்கப் பொன்னாகப் பறந்தது. கேப்டன் கண்ணைச் சுருக்கினார். பிறகு அவர் கை தானாக மேலே போயிற்று. பெரிய முடிவு எடுக்கும்போதெல்லாம் நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்வது அந்தக் கதாபாத்திரத்தின் வழக்கம், வருடக்கணக்கில் அந்தக் கைக்குப் பழகிவிட்டது. ஒதுக்கப் போன கைக்கு முடி அகப்படவில்லை. விரல்கள் ஒரு கணம் காற்றில் தேடின. அப்புறம் உள்ளங்கை மொட்டைத் தலையில் போய் உட்கார்ந்தது. முகம் திகைத்தது. அடுத்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணில் தண்ணீரோடு, சின்னப் பிள்ளை போல. புன்னகை என்று எழுதிய எழுத்தாளர் அங்கே இருந்திருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்.

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். கேமராமேனே நிறுத்தினார். ஒரே டேக். லைட்மேன் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காயைத் தேடிப் போனார்.

இனி என் வேலை. அவர் கொடுத்ததைக் கெடுக்காமல் இருப்பதுதான் என் வேலை. கேப்டன் கலத்தை இறக்கிவிட்டு விசையிலிருந்து கையை எடுக்கும் ஷாட், நீளமான முடியோடு. அதற்குப் பிறகு காலியான இருக்கை, தொங்கும் பெல்ட். இயந்திர ஓசை அடங்குகிறது. பிறகு கருப்பு. அந்தக் கருப்பை எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. குறைவாக வைத்தால் முடி எங்கே என்று கேட்பார்கள், அதிகமாக வைத்தால் டிவி கெட்டுவிட்டதென்று எழுந்து தட்டுவார்கள். வைத்து வைத்துப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மேக்கப் அக்கா, “என்ன ஆச்சு...” என்று வாயெடுத்த இடத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவந்தேன். கணக்கெல்லாம் கிடையாது. பார்க்கிற ஆளுக்குக் கவலை வர வேண்டும், அது சலிப்பாக மாறுவதற்குள் முகம் வந்துவிட வேண்டும். உங்கள் அறையில் எப்போதும் தொழில் தெரியாத ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சேனல் பொறுப்பாளருக்கு விஷயம் எட்டிவிட்டது. போன் வந்தது. “என்ன மேடம் திடீர்னு மொட்டை? ஆடியன்ஸ் குழம்பிடுவாங்க. கிருமி, பாதுகாப்பு, ஏதோ ஒண்ணு சொல்லி ஒரு வாய்ஸ் ஓவர் போட்டுடுங்க.” டைரக்டர் சோர்ந்துபோயிருந்தார். போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார், “அண்ணா, எனக்கு ஆச கண்ண மறைக்கும். நீங்க சொல்லுங்க. குரல் இல்லாம ஒங்களுக்குப் புரிஞ்சிதா?”

கேட்டார் பாருங்கள், அதுதான் அவர். அவ்வளவு உறுதியாக நின்றவர், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டுக் கேட்டார். “புரிஞ்சுது” என்றேன். போனை வாங்கி, “சார், ஒரு தடவை முழுசா பாருங்க. பாத்த பிறகும் குரல் வேணும்னா நானே ஒட்டித் தரேன்” என்று சொல்லிவிட்டுப் பகுதியை அனுப்பினேன்.

காத்திருந்தோம். கேப்டன் தலையில் துண்டோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் பொறுப்பாளர் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் கேட்டது. “சார், எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்” என்றார். “எதுவும் போட வேணாம். அப்படியே விட்டுடுங்க.”

கேப்டன் என்னைப் பார்த்தார்.

“அப்ப முடிஞ்சிடுச்சுங்களா சார்?”

“முடிஞ்சிடுச்சும்மா.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலுந்தான்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஊருக்குப் போன் போட்டார்.

“அம்மா, முடிஞ்சிடுச்சும்மா. இல்லம்மா, நிறுத்தல. முடிச்சிட்டாங்க.” அந்தப் பக்கம் அவர் அம்மா ஏதோ அவசரமாகக் கேட்டது எங்களுக்கும் காதில் விழுந்தது. கேப்டன் துண்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். “அதெல்லாம் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்ட்டு வெச்சிகினு நீயே பாரு.”